துளியற்ற மாதம்

எங்கள் ஊரில் இந்த ஜனவரிக்குத்
துளியற்ற மாதம் என்று பெயர்.
கோட்கா துறைமுகத்துக்கு அது பொருத்தம்தான்.
கூரை விளிம்பில் தண்ணீர்கூட
ஈட்டியாகத் தொங்குகிறது, சொட்டுவதில்லை.
ஒன்பது மணிக்கும் விடியாத காலையில்
பனியுடைக்கும் கப்பல் மட்டும்
எலும்பு கடிக்கும் நாய் போல
நறநறத்துக்கொண்டு போகிறது.

முதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
தூக்கம் வரவில்லை.
சவுனாவில் உட்கார்ந்திருக்கையில்
கை தானாகப் பக்கத்துப் பலகையைத் தடவியது,
குளிர்ந்த பீர் கேன் இருக்கவேண்டிய இடத்தை,
விழுந்த பல்லை நாக்கு தேடுவது போல.

வீட்டிலேயே இருந்திருக்கலாம்.
வீட்டில் யார் இருக்கிறார்கள்,
பிரிட்ஜின் முனகலைத் தவிர?
எட்டாம் தேதி பழைய பாருக்கே போனேன்,
பழைய நாற்காலிக்கே.
என்னைக் கண்டதும் சைலாவின் கை
பீர்க் குழாய்க்குப் போய்விட்டது.
வேண்டாம் என்றேன்.
பதினாறு வருடத்தில் அவள்
என் வாயிலிருந்து கேட்ட புதுச்சொல்.

அவள் சிரிக்கவில்லை.
சட்டைக் கையை மடித்துக்கொண்டாள்.
கடலோர முட்புதரில் காய்க்கும்
ஆரஞ்சு நிறப் பழத்தின் சாறு,
பல் கூசும் புளிப்பு;
அதில் தேன், நசுக்கிய ஏலக்காய்,
ஒரு முட்டையின் வெள்ளைக்கரு.
தோள் வலிக்கக் குலுக்கி
நுரை ததும்ப ஊற்றி
மேலே ஒரு பூவை வைத்தாள்.
ஒன்பது யூரோ.
இதற்கா? என்றேன்.
குலுக்கினதற்கு, என்றாள்.

அப்புறம் நாளுக்கொன்று.
ஸ்ப்ரூஸ் தளிர்ப் பாகில் டானிக்.
லிங்கன்பெர்ரியில் மிளகு.
பிர்ச் மரத்தின் நீர்:
சுவையே இல்லையே என்றேன், பொறு என்றாள்,
பொறுத்தேன், வந்தது,
ஈர விறகை யாரோ தூரத்தில் பிளப்பது போல.
பெயரும் வைப்பாள்.
கப்பல் வராத நாள்.
மாமியாரின் கையுறை.

இல்போவுக்குத்தான் என் கண்ணாடியைப் பார்க்கக் கூச்சம்.
பூவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
ஆனாலும் பக்கத்தில்தான் உட்கார்வான்,
ஆனாலும் அந்தப் படகுக் கதையைத்தான் சொல்வான்:
திருகு முடுக்காத மோட்டார்,
இவன் கயிற்றை இழுக்க
அது துள்ளிக் கடலில் விழ
பின்னாலேயே இவனும்.
அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்போம்.
அதற்குள் மூன்றாவது பீர் ஆகியிருக்கும்,
நான் மேசையைத் தட்டுவேன்,
யாராவது அடுத்த சுற்று சொல்வார்கள்,
கதை அங்கே கரைந்துவிடும்.

பத்தொன்பதாம் தேதியும் சிரித்தேன்,
பாதிச் சத்தத்தில்.
வேறு வேலையில்லாததால்
அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது நிற்கவில்லை.
மற்றவர்களின் சிரிப்புக்கு அடியில்
கோப்பை வைக்கும் அட்டையைப் பார்த்து
அவன் சொன்னான்:
எஸ்கோவுக்கு நீந்தத் தெரியாது.
பிறகு குடித்தான். மீசையைத் துடைத்தான்.

யார் எஸ்கோ, என்றேன்.
தம்பி.
இதை நீ சொன்னதே இல்லையே.
ஒவ்வொரு தடவையும் சொல்கிறேனே,
என்றான், கோபமே இல்லாமல்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
முட்டிக்கொள்ளக் கையில் பீரும் இல்லை.
என் கண்ணாடியை அவன் பக்கம் நகர்த்தினேன்.
முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான்.
ஊசியிலை. நீ என்ன கலைமானா?
மிச்சத்தையும் குடித்துவிட்டான்.

இன்று முப்பத்தொன்று.
நாளை என்ன செய்வாய், என்கிறாள் சைலா.
பீர் குடிப்பேன், பொய் சொல்வானேன்.
எத்தனை என்று மட்டும் தெரியவில்லை.
வெளியே கூரை ஈட்டிகள் அப்படியே இருக்கின்றன,
காலண்டரைப் பார்த்து உருகுகிற பனியில்லை இது.

இல்போ வந்தான்.
வழக்கமான பீரைச் சொன்னான்,
பிறகு அவளைப் பார்க்காமல், கதவைப் பார்த்து,
அதோடு அந்தப் பூ வைத்தது ஒன்று, என்றான்.
இரண்டையும் மாறி மாறிக் குடித்தான்.
இன்றைக்குப் படகுக் கதை இல்லை.
கண்ணாடி காலியானதும்
பூவை என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.